ஒரு கேலன் ஸ்ட்ராபெர்ரி வைன்: எந்தப் பழம், எந்த முறை, எந்த ஈஸ்ட்?

பிரிட்டனில் வீட்டில் வைன் செய்வோர் இன்றும் கேலன் (ஏறக்குறைய 4.5 லிட்டர்) கணக்கில்தான் பேசுகிறார்கள். டெமிஜான் என்று அழைக்கப்படும் 4.5 லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்றை நிரப்பினால், அடியில் தங்கும் மண்டி போக, 750 மி.லி. புட்டிகள் ஏறக்குறைய ஆறு கிடைக்கும். ஜூன் மாதத்தில் திறந்தவெளிப் பண்ணைகளில் ஸ்ட்ராபெர்ரி பழுக்கத் தொடங்கும்போது, அந்த ஆறு புட்டிகளுக்காகச் சில முடிவுகளை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். எந்தப் பழத்தை வாங்குவது, அதன் சாற்றை எப்படி இறக்குவது, எந்த ஈஸ்ட்டைத் தூவுவது, முடிந்தபின் இனிப்புச் சேர்ப்பதா வேண்டாமா என்பவையே அவை. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. எல்லா வழியிலும் வைன் வந்துவிடும் என்பதால்தான் தேர்வு குழப்பமாகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஓர் அளவுகோல் போதும் என்பது என் கருத்து. பிளாக்பெர்ரி, எல்டர்பெர்ரி, டாம்சன் போன்றவை நாம் செய்யும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் பழங்கள். துவர்ப்பும் அடர்ந்த நிறமும் அவற்றில் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஸ்ட்ராபெர்ரியிடம் உள்ள செல்வம் மணமும் சிவப்பு நிறமும் மட்டுமே. மணம் சூட்டிலும், நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயுவோடும் வெளியேறிவிடும். நிறமோ காற்றாலும் வெளிச்சத்தாலும் வெளுத்துவிடும். ஆகவே, ஒரு முறை எளிதா, மலிவா என்று பார்ப்பதற்கு முன், அது மணத்தைக் காக்கிறதா, நிறத்தைக் காக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியை வைத்தே எடை போட்டிருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். சொந்த உபயோகத்துக்காக, விற்காமல், வீட்டில் செய்யும் வைனுக்குப் பிரிட்டனில் தீர்வை கிடையாது. ஒரு புட்டியை விலைக்குக் கொடுத்தாலும் நிலைமை மாறிவிடும். சாராயமாகக் காய்ச்சி வடிப்பதற்கு உரிமம் வேண்டும், அது வீட்டுக்காரர்களுக்கான வேலையே அல்ல. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி எவ்வகை மதுவையும் தயாரிப்பதைத் தடை செய்கிறது என்பதால், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஸ்ட்ராபெர்ரி விளைந்தாலும், அங்குள்ள வாசகர்கள் இதைப் படித்து அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழம்: பண்ணையா, கடையா, உறைபெட்டியா?

முதல் வழி, நாமே பறித்து எடை போட்டு வாங்கும் பண்ணைக்குச் செல்வது. கென்ட், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளில் இத்தகைய பண்ணைகள் பல உள்ளன. வானிலையைப் பொறுத்து, ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை பழம் மலிந்திருக்கும். இங்கே கிடைக்கும் பெரிய லாபம் பழத்தின் முதிர்ச்சி. ஸ்ட்ராபெர்ரி பறித்தபின் இனிப்பு ஏறாத பழம். வீட்டில் வைத்திருந்தால் நிறம் கூடலாம், மென்மையாகலாம், ஆனால் செடியில் இருந்தபோது சேர்ந்த சர்க்கரைதான் கடைசி வரை. காம்படியில் வெள்ளை வளையம் இல்லாமல் முழுக்கச் சிவந்த பழத்தைத் தேர்ந்து பறிக்கும் உரிமை பண்ணையில் நம் கையில் இருக்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளேயும் சிவந்திருக்கும் ரகமாக இருந்தால் இன்னும் நல்லது.

பண்ணைப் பழத்தின் எதிரி மழை. நனைந்த பழம் நீர்த்துப்போகும் என்பதோடு, சாம்பல் நிறப் பூஞ்சணமும் விரைவில் பிடிக்கும். போட்ரைட்டிஸ் என்ற அந்தப் பூஞ்சணம் விட்டுச்செல்லும் லாக்கேஸ் என்னும் நொதி, சாற்றின் சிவப்பைப் பழுப்பாக்குவதில் கைதேர்ந்தது. வைன் கெடாமல் இருக்க நாம் சேர்க்கும் கந்தகமும் அதை முழுதாக அடக்குவதில்லை. எனவே இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்த வாரத்தில் பண்ணைக்குப் போவதை ஒத்திப்போடலாம். பூஞ்சணம் பிடித்த பழத்தை, அந்தப் பகுதியை மட்டும் அரிந்துவிட்டுப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

இரண்டாம் வழி, பல்பொருள் அங்காடியின் பிளாஸ்டிக் பெட்டி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாலித்தீன் குடில்களில் விளையும் பிரிட்டிஷ் பழம் எளிதில் கிடைக்கிறது. ஆனால் கடைகளுக்காக வளர்க்கப்படும் ரகங்கள் பயணத்தையும் அடுக்கில் இருக்கும் நாட்களையும் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நெதர்லாந்தில் உருவான எல்சாண்டா பல்லாண்டுகள் இங்கே கோலோச்சியதற்குக் காரணமே அதன் கெட்டித்தன்மைதான். அண்மை ஆண்டுகளில் கென்ட்டின் ஈஸ்ட் மால்லிங்கில் உருவாக்கப்பட்ட மால்லிங் சென்டினரி போன்ற ரகங்கள் வந்தபின் சுவை மேம்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், தின்பதற்கு அழகாக இருக்கும் வெளிர் சிவப்புப் பழம் வைனுக்குப் போதாது. பெட்டியின் மூடியிலுள்ள துளை வழியே முகர்ந்து பார்த்து, மணம் வராவிட்டால் அங்கேயே வைத்துவிடுவது நலம். மாலையில் மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைத்த பெட்டிகளை நான் ஒதுக்குவதில்லை. குழைந்திருப்பது குற்றமில்லை, பூஞ்சணம்தான் குற்றம்.

மூன்றாம் வழியான உறைபழப் பொட்டலத்தைப் பலரும் இளப்பமாக நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். உறைய வைப்பதற்கென்று பயிராகும் பழத்துக்கு அடுக்கில் நிற்கும் கட்டாயம் இல்லாததால், நன்கு பழுத்தபின் பறிக்க முடிகிறது. போலந்தில் இதற்கெனவே பெருமளவில் பயிரிடப்பட்டு வந்த செங்கா செங்கானா என்ற ஜெர்மானிய ரகம், தோல் முதல் நடு வரை அடர்சிவப்பு. காம்பு நீக்கிக் கழுவிய பழமாக வருவதால் வேலையும் மிச்சம். உறையும்போது பழத்தின் உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் செல்களின் சுவரைக் கிழித்துவிடுவதால், உருகியவுடன் சாறு தானே இறங்குகிறது. புதுப்பழத்தில் நசுக்கியும் பிழிந்தும் பெறுவதை இங்கே உறைபெட்டியே செய்து தருகிறது. வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தில் சர்க்கரையோ வேறு பழமோ சேர்க்கப்படவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உருகிய சாறு காற்றுப் பட்டால் விரைவில் மங்கும் என்பது இதன் குறை. அதற்கு மருந்து கீழே வருகிறது.

மூன்றையும் நிறுத்துப் பார்த்தால், பண்ணையில் பறித்த பழத்தைக் காம்பு நீக்கி இரண்டு மூன்று நாளாவது வீட்டு உறைபெட்டியில் வைத்துப் பின் உருக்குவதே முதலிடம் பெறுகிறது. பண்ணை எட்டாவிட்டால் நல்ல உறைபழம். அதுவும் இல்லாவிட்டால் கடைப்பழம். விலையைப் பார்த்தாலும் உறைபழம் பெரும்பாலும் கடைப்பழத்தை முந்திவிடுகிறது.

அளவில் எங்கும் சிக்கனம் பார்க்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் குறிப்புகள் ஒரு கேலனுக்கு மூன்று பவுண்டு, அதாவது 1.4 கிலோ அளவிலேயே நின்றுவிடுகின்றன. அந்த அளவில் வருவது இளஞ்சிவப்பு நிறமுள்ள மதுநீர்தான், ஸ்ட்ராபெர்ரி வைன் அல்ல. மறு எல்லையில், தண்ணீரே சேர்க்காமல் முழுச்சாற்றில் செய்ய ஆறு கிலோவுக்கும் மேல் பழம் வேண்டும். சுவை அபாரமாக இருக்கும், ஆனால் ஒரு புட்டிக்கு ஒரு கிலோ பழம் என்ற கணக்கை எல்லோராலும் தாங்க முடியாது. நடுவில் 2 முதல் 2.5 கிலோ வரை எடுத்துக்கொண்டால் பழமும் தெரியும், கையும் கடிக்காது.

சாறு இறக்குதல்: வெந்நீரா, குளிர்முறையா, சர்க்கரையா?

இதுதான் வைனின் தலையெழுத்தை எழுதும் கட்டம் என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

நறுக்கிய பழத்தின் மேல் கொதிநீரை ஊற்றுவது பழைய வழக்கம். பழத்தோடு வந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்துவிடும், சாறும் விரைவில் இறங்கும், வேறு எந்த வேதிப்பொருளும் வாங்க வேண்டியதில்லை என்பன இதன் சாதகங்கள். பாதகங்கள் இரண்டும் நம் அளவுகோலின் இரு முனைகளிலேயே குத்துகின்றன. சூடுபட்ட ஸ்ட்ராபெர்ரி புதுப்பழ மணத்தை இழந்து ஜாமின் மணத்துக்கு மாறுகிறது. சூட்டில் கரைந்து வெளிவரும் பெக்டின் என்னும் பழப் பசைப்பொருள், மாதக்கணக்கில் காத்திருந்தாலும் தெளியாத மங்கலை வைனில் நிறுத்திவிடுகிறது. பழத்தையே அடுப்பிலேற்றி வேகவைக்கும் முறையில் இந்த இரண்டு குறைகளும் பன்மடங்காகும். ஜாம் கிண்டுபவர்களுக்கு வரமாக இருக்கும் பெக்டின் வைன் செய்பவர்களுக்குச் சாபம்.

குளிர்முறையில் கொதிநீரின் வேலையைக் கேம்ப்டன் மாத்திரை செய்கிறது. குளோஸ்டர்ஷயரின் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரில் இருந்த பழப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் உருவானதால் இந்தப் பெயர். உள்ளே இருப்பது சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு கேலனுக்கு ஒரு மாத்திரையைப் பொடித்துச் சேர்த்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் கந்தக டை ஆக்ஸைடு கிடைக்கிறது. காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அடங்குகின்றன, காற்றால் சாறு பழுப்பாவதும் தடுக்கப்படுகிறது. உறைபழம் உருகத் தொடங்கும்போதே இதைச் சேர்த்துவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பெக்டினைச் சிதைக்கும் நொதிப்பொடியையும், மேலும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஈஸ்ட்டையும் சேர்ப்பதே சரியான வரிசை. கந்தகத்தின் கடுமை தணியுமுன் சேர்த்தால் இரண்டின் வேலையும் கெடும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது; குடிக்கப்போகும் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வைனை அவருக்குக் கொடுக்காமல் இருப்பதே சரி.

மூன்றாம் முறை இன்னும் நயமானது. நறுக்கிய பழத்தின் மேல் சர்க்கரையைத் தூவி மூடி வைத்தால், உப்பிட்டுக் குலுக்கிவைத்த எலுமிச்சை நீர் விடுவதைப் போல், ஒரே இரவில் பழம் தன் சாற்றை விட்டுச் சுருங்கிவிடும். இந்தப் பாகை வடித்துச் சக்கையை நீக்கி, சாற்றை மட்டும் நொதிக்க வைக்கலாம். மணத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடில்லை. சக்கையில்லாததால் தினமும் கிளற வேண்டாம், வாளியின் மூடியைத் திறந்து திறந்து மணத்தைப் பறக்கவிட வேண்டாம். ஆனால் நிறத்தில் ஒரு படி இறங்கிவிடுகிறது. சக்கையோடு நொதிக்கும்போது உருவாகும் மதுசாரம் பழத்திலிருந்து மேலும் நிறத்தையும் சிறிது துவர்ப்பையும் கரைத்தெடுக்கிறது. சாறு மட்டும் நொதிக்கும்போது அது நடப்பதில்லை.

போட்டி உண்மையில் இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையில்தான். நான் இரண்டையும் இணைப்பதையே விரும்புகிறேன். உறைபழத்தை நைலான் வலைப்பையில் போட்டு வாளியில் வைத்து, பொடித்த கேம்ப்டன் மாத்திரையையும் சர்க்கரையில் பாதியையும் மேலே தூவி உருக விட வேண்டும். நொதிப்பொடியின் முறை வரும்போது மீதிச் சர்க்கரையையும் ஆறிய நீரையும் சேர்க்கலாம். ஈஸ்ட் விழுந்தபின் பையோடு மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். அதற்குமேல் பையை ஊறவிட்டால், பழத்தின் மேலிருக்கும் மணி போன்ற விதைகளின் காழ்ப்பு இறங்கத் தொடங்கும். இதே காரணத்துக்காகத்தான் பழத்தை மிக்ஸியில் அரைக்கக் கூடாது. அரைபட்ட விதை கசக்கும் என்பதோடு, மாவாக அரைந்த சதை கடைசிவரை அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் எந்த நிலையில் நிறுத்துவது என்பது கண்ணுக்கே தெரியும். வாயு தூக்கிவிட்டதால் பை மேலே புடைத்து மிதக்கும். அதைக் கரண்டியால் அழுத்தினால் இளஞ்சிவப்பு நுரை சீறிக்கொண்டு விளிம்பு வரை ஏறி அடங்கும். பையைப் பிரித்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால், அடர்சிவப்பாய்ப் போட்ட பழம் சாயம் போய், பாலாடை நிறத்தில் தொளதொளவென்று கிடக்கும். நிறம் முழுவதும் சாற்றுக்குள் வந்துவிட்டது, இனிப் பழத்திடம் எடுக்க ஒன்றுமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அப்போது பையைத் தூக்கிச் சாறு தானாகச் சொட்ட அரைமணி நேரம் விட வேண்டும். முறுக்கிப் பிழியும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பிழிந்தால் கூடுதலாக ஒரு கோப்பை கிடைக்கும், அதோடு மாதக்கணக்கில் தெளியாத கலங்கலும் கிடைக்கும்.

மெத்தனால் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளைப் படித்தே வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால். பழம் நொதித்து உண்டானதல்ல. பெக்டின் சிதையும்போது எந்தப் பழ வைனிலும் மிகச் சிறிதளவு மெத்தனால் உண்டாவது இயல்பு. வடித்துச் செறிவூட்டாத வைனில் அது தீங்கு செய்யும் அளவை எட்டுவதில்லை.

சர்க்கரையும் துணைப்பொருள்களும்

ஸ்ட்ராபெர்ரியில் சர்க்கரை எடைக்கு ஆறு ஏழு சதவீதம்தான். எனவே 2 கிலோ பழம் 120 முதல் 140 கிராம் வரை தருகிறது. மீதியை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒரு கேலனுக்கு 850 முதல் 900 கிராம் வெள்ளைச் சர்க்கரை சேர்த்தால், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் (வெறும் தண்ணீருக்கு 1.000) தொடக்க அடர்த்தி 1.080க்கும் 1.085க்கும் இடையில் வரும். முடிவில் மதுசாரம் 11 முதல் 12 சதவீதம். பலர் ஒன்றரைக் கிலோ வரை போட்டு 15, 16 சதவீதத்துக்கு ஏற்றப் பார்க்கிறார்கள். அந்த மதுசாரத்தின் காரத்தில் ஸ்ட்ராபெர்ரியின் மெல்லிய மணம் எடுபடாது. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் தங்கள் மணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் இந்தப் பழத்துக்கு ஆகாது.

புளிப்பு லிட்டருக்கு 6 கிராம் அளவில் இருந்தால் வைன் நாவில் உயிரோடு நிற்கும். தண்ணீர் சேர்த்த நம் கலவையில் பழம் தருவது அதில் பாதிக்குச் சற்று மேல். ஒன்றரைத் தேக்கரண்டி சிட்ரிக் அல்லது டார்டாரிக் அமிலம் அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பும். துவர்ப்புக்கு டானின் பொடி வாங்கலாம், அல்லது பால் சேர்க்காத கெட்டிச் சாயத் தேநீர் ஒரு கோப்பை ஊற்றலாம். இரண்டுக்கும் வேறுபாடு சொல்லும் நாக்கு எனக்கில்லை, ஆகவே தேநீரே என் தேர்வு. ஈஸ்ட்டுக்கு உணவாகும் நைட்ரஜன் சத்து நீர்த்த பழச்சாற்றில் குறைவு என்பதால், ஈஸ்ட் ஊட்டப்பொடி ஒரு தேக்கரண்டியைத் தவிர்க்கக் கூடாது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும்.

வைன் சப்பென்று இல்லாமல் சற்று உடலோடு இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரில் ஒரு லிட்டரைக் குறைத்து, அதற்குப் பதிலாக ஒரு லிட்டர் வெள்ளைத் திராட்சைச் சாறு சேர்ப்பவர்கள் உண்டு. இது நல்ல யோசனை. அந்தச் சாற்றில் 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் பொட்டாசியம் சார்பேட் அல்லது இ202 என்று அச்சிட்டிருந்தால் வாங்கக் கூடாது, ஈஸ்ட் அதில் பெருகாது. நறுக்கிய உலர்திராட்சை போடும் பழைய முறையும் இதே பலனைத் தரும், ஆனால் நிறத்தில் ஒரு பழுப்புச் சாயலைக் கலந்துவிடும்.

ஈஸ்ட்

பழத்தோலில் இயற்கையாக ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டை நம்பிவிடுவது கேட்க அழகாக இருக்கிறது. அந்தக் காட்டு ஈஸ்ட்டுகளில் பல, மதுசாரம் நாலைந்து சதவீதத்தை எட்டும்போதே சோர்ந்துவிடுபவை; சோர்வதற்குள் நகப்பூச்சு அழிப்பான் போன்ற வாடையையும் வினிகர்ப் புளிப்பையும் விட்டுச்செல்லும். அதிர்ஷ்டம் இருந்தால் நன்றாக வரும். ரொட்டி ஈஸ்ட் வேலையை முடித்துத் தரும், ஆனால் அதன் மண்டி இறுகாமல் குடுவையை அசைத்தவுடன் எழும்பி வரும், மாவு வாடையும் தங்கும். ஒரு பொட்டலம் வைன் ஈஸ்ட்டின் விலையைப் பார்த்தால் இந்த இரண்டு சிக்கனங்களுக்கும் பொருளில்லை.

வைன் ஈஸ்ட்டுகளில் எங்கும் கிடைப்பது இசி-1118. 18 சதவீத மதுசாரம் வரை தாங்கும், குளிரிலும் வேலை செய்யும், பாதியில் நின்றுபோகாது. முதல்முறை செய்பவருக்கு எல்லோரும் இதையே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அது மூர்க்கமாக நொதிப்பதால் எழும் வாயு மணத்தை அடித்துக்கொண்டு போகிறது. தன் பங்குக்குப் பழமணம் எதையும் சேர்ப்பதுமில்லை. நம்பகத்தன்மைக்காக மணத்தை விலையாகக் கொடுப்பது ஸ்ட்ராபெர்ரியில் நஷ்ட வியாபாரம்.

71பி அதற்கு மாற்று. 14 சதவீதம் வரை தாங்கும். பழமணம் தரும் எஸ்டர்களை உண்டாக்கும். இளமையிலேயே குடிக்கத் தக்க வைன்களுக்கென்று பெயர் பெற்றது. மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியை அது தின்றுவிடும் என்பதைப் பெரிய சிறப்பாகச் சொல்வார்கள். ஸ்ட்ராபெர்ரியில் முதன்மையானது சிட்ரிக் அமிலம் என்பதால் அந்தச் சிறப்பு இங்கே அவ்வளவாக உதவாது. மண்டியின் மேல் நெடுநாள் கிடந்தால் சுவை கெடும் என்பதால், அடியில் படிவு கண்டவுடன் வேறு குடுவைக்கு மாற்றிவிட வேண்டும். கே1-வி1116 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மணத்தையும் காக்கும், கடினமான சூழலையும் தாங்கும். வீட்டு வெப்பநிலையை 18 முதல் 20 டிகிரிக்குள் வைக்க முடிந்தவருக்கு 71பி. ஜூலையின் வெக்கையில் மாடியறையில் வைப்பதைத் தவிர வழியில்லை என்பவருக்குக் கே1-வி1116. எதைத் தூவினாலும், 25 டிகிரியைத் தாண்டவிட்டால் மணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

வறண்ட வைனா, இனிப்பு வைனா?

சர்க்கரை முழுவதும் தீர்ந்து ஹைட்ரோமீட்டர் 0.996க்குக் கீழே இறங்கும்போது ருசி பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார். மூக்குக்குத் தெரியும் ஸ்ட்ராபெர்ரியை நாக்கு ஒப்புக்கொள்வதில்லை. புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. பிறந்தது முதல் இந்த மணத்தை இனிப்போடு சேர்த்தே அறிந்திருப்பதால், இனிப்பு இல்லாதபோது மணமே குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. மீன், கோழி வறுவல் முதலியவற்றோடு குடிக்க வறண்ட, அதாவது இனிப்பில்லாத, வைன்தான் வேண்டும் என்பவர் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சிறிது இனிப்பு வேண்டும். அதைச் சேர்ப்பதிலும் மூன்று வழிகள் உள்ளன.

ஈஸ்ட் தாங்கும் எல்லையைத் தாண்டிச் சர்க்கரையைப் போட்டு, அது மடிந்தபின் மிஞ்சும் இனிப்பை ஏற்பது ஒன்று. இதில் மதுசாரம் 14 சதவீதத்துக்கு மேல் போய்விடுவதால், மேலே சொன்ன காரணத்துக்காகவே தள்ளிவிடலாம். வைன் தெளிந்து ஓய்ந்தபின், ஒரு கேலனுக்குச் சுமார் 1 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும் ஒரு கேம்ப்டன் மாத்திரையும் சேர்த்து, ஓரிரு நாள் விட்டு, சர்க்கரைப் பாகை ஊற்றி 1.005 முதல் 1.010 வரை ஏற்றுவது இரண்டாவது. இதுவே பரவலான முறை. சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது அவ்வளவே. ஆகவே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கிய வைனில் போட்டால் பயனில்லை. மாத்திரையில்லாமல் சார்பேட்டை மட்டும் போடுவதும் ஆபத்து, லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடையை உண்டாக்கும். அந்த வாடைக்கு மாற்று மருந்து கிடையாது. இரண்டையும் விட்டுவிட்டு இனிப்பை மட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்தவர், கோடையில் புட்டி வெடித்தால் ஆச்சரியப்படக் கூடாது.

மூன்றாவது வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வைனை வறண்டதாகவே புட்டியில் அடைத்துவிட்டு, குடிக்கும் நாளில் கண்ணாடிக் கூசாவில் ஊற்றி, கெட்டிச் சர்க்கரைப் பாகை விருப்பத்துக்கேற்பக் கலக்கலாம். சார்பேட் தேவையில்லை, வெடிக்கும் பயமில்லை, இனிப்புப் பிடிக்கும் மாமியாருக்கும் பிடிக்காத மருமகனுக்கும் ஒரே புட்டியிலிருந்து பரிமாறலாம். புட்டியைப் பரிசாகக் கொடுக்கும்போது மட்டும் இது சரிப்படாது. முதல் கேலனுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன். எவ்வளவு இனிப்பு தனக்கு ஏற்றது என்று தெரிந்தபின் அடுத்த ஆண்டு இரண்டாம் வழிக்குப் போகலாம்.

நிறத்தையும் புட்டியையும் பற்றி

ஸ்ட்ராபெர்ரியின் சிவப்புக்குக் காரணமான பெலார்கோனிடின் வகை நிறமி நிலையற்றது. வாளியில் மாணிக்கமாக இருந்த நிறம் ஆறு மாதத்தில் இளஞ்சிவப்பாகி, ஓராண்டு கடந்தால் வெங்காயத் தோலின் நிறத்துக்கு வருவது சாதாரணம், செய்தவரின் குறையல்ல. இதைத் தாமதப்படுத்த முடியும். டெமிஜானைக் கழுத்துவரை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமில்லை. மேலே கறுப்புத் துணியோ தாளோ சுற்றினால் வெளிச்சத்துக்கும் இடமில்லை. முதல் மண்டியிலிருந்து ஒருமுறை, பின் இரண்டு மாதத்தில் ஒருமுறை என வடிகுழாயால் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு மாற்றலும் காற்றைக் கொண்டுவரும். நிறத்துக்காகப் பிளாக்கரண்ட் என்ற சிறு கறுப்புப் பழத்தைச் சேர்ப்பவர்கள், அந்தப் பழத்தின் மணம் ஸ்ட்ராபெர்ரியை விழுங்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாளியில் ஒரு சிறு கைப்பிடி உலர்ந்த எல்டர்பெர்ரி போட்டால், நிறமும் துவர்ப்பும் கூடும், மணம் குறுக்கிடாது. அதைச் சேர்த்தால் தேநீர் வேண்டியதில்லை.

ஜூலையில் தொடங்கிய கேலன் அக்டோபர் முடிவில் தெளிந்துவிடும், கிறிஸ்துமஸுக்குக் குடிக்கலாம், அடுத்த பழப்பருவத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சிவப்புத் திராட்சை வைனைப்போல் ஐந்தாண்டு பதுக்கிவைக்கும் எண்ணத்தை இதில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஓராண்டுக்குள் குடிக்கப்போகும் வைனுக்குக் கார்க்கும் திருகு மூடியும் ஒன்றுதான். கார்க் அடிக்கும் கருவி வாங்கும் செலவு மிச்சமாகும் என்பதால் கழுவிக் கிருமிநீக்கிய திருகுமூடிப் புட்டிகளே போதும். தெளிந்த கண்ணாடியைவிடப் பச்சை அல்லது பழுப்புக் கண்ணாடி மேல். திறந்த புட்டியில் மிஞ்சியது இரண்டு நாளிலேயே மணம் குன்றிவிடுவதால், இருவர் மட்டும் உள்ள வீடாக இருந்தால், ஆறு முழுப்புட்டிக்குப் பதிலாகப் பன்னிரண்டு அரைப்புட்டிகளில், அதாவது 375 மி.லி. அளவில், அடைத்து வைப்பது இந்த வைனுக்கு ஏற்ற ஏற்பாடு.